மச்சானுக்கு விட்ட வழி

சம்பள வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கே கெரேஹு பகுதிக் கடைவாசலில் கூட்டம் நெருக்கியது. காவலாளி கோய்ம்பா ஒரு கையில் தடியும் மறு கையில் பேனாவுமாக நின்று, வெளியே போகிறவர்களின் பையைப் பார்த்து, பில்லில் ஒரு கோடு இழுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு கோடாவது நேராக விழவில்லை.

"ஏன்டா மலைக்காரா, கோடு போடச் சொன்னா பாம்பு வரையிறே?" என்றாள் வவினே.

அவள் ஹனுவாபாடாக் கடற்கரைக்காரி. நாற்பத்தைந்து வயது, அவன் முழங்கை உயரம். பெண்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஊர்வம்பு பேசுவது அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை. கடைக்குள் பாக்கு மெல்லக் கூடாது என்று அவள் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது. அதன் கீழே நின்றுகொண்டுதான் மென்றாள்.

"இன்னிக்கு வருவாங்கக்கா. வயிறு சொல்லுது."

"உன் வயிறு தினமும்தான் பேசுது. வந்தா என்ன? உன் ஒசரத்தைப் பாத்தே ஓடிருவானுங்க. கம்பெனிக்காரன் உன்னை எதுக்கு எடுத்தான்னு நெனச்சே, மூளைக்கா?"

கோய்ம்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாகன் மலைப்பக்கத்திலிருந்து வந்து, காவல் கம்பெனி வாசலில் பதினோரு மாதம் தவம் கிடந்து வாங்கிய வேலை இது. இது போய்விட்டால் மனைவி ஆக்னஸுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு இல்லை. ஆனால் போன சம்பள வெள்ளியன்று மேட்டுக்கடைக் காவலாளியின் காலைச் சுட்டுவிட்டார்கள். வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், வேலையே கொன்றுவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவன் கையில் இருந்தது ஒரு தடி.

வவினேயிடம் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. அதில் பேட்டரி கிடையாது. நான்கு மாதமாகக் கேட்டுச் சலித்துவிட்டு, இப்போது அவள் சும்மாவே அதை வாயில் வைத்துப் பேசுவாள். சந்தேகமான ஆள் யாராவது பக்கத்தில் நின்றால், "பெரிய நாய் ரெண்டையும் அனுப்புங்க, சின்னது வேண்டாம்," என்று உரக்கச் சொல்வாள். பாதிப் பேர் நம்பி நகர்ந்துபோவார்கள்.

பதினொன்றே காலுக்கு ஒரு வெள்ளைக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். மூவர் முகத்திலும் துணி. முன்னால் வந்தவன் கையில் குழாயை அறுத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கி. அவன் தோளில் காசு அள்ளிப்போக ஒரு நூல்பை தொங்கியது.

கோய்ம்பா அந்தப் பையைப் பார்த்தான். கறுப்பு, மஞ்சள், சிவப்பு. ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்பு நூல் தீர்ந்துபோய்ப் பச்சையில் முடித்திருந்தது. பச்சை வேண்டாம், அசிங்கமாக இருக்கும் என்று அவன்தான் சொன்னான். ஆக்னஸ் கேட்காமல் பின்னி, கிறிஸ்துமஸுக்குத் தன் தம்பிக்குக் கொடுத்தாள்.

அவன் ஊரில் பெண் கொடுத்தவர்களுக்குத் தனி மரியாதை. மனைவியின் தம்பியானாலும் எதிரில் வந்தால் கண்ணைத் தாழ்த்தி ஒதுங்கி நிற்க வேண்டும். அவன் பெயரை வாயால் சொல்லவே கூடாது. ஆறு வருடமாக உடம்பில் ஊறிய பழக்கம், யோசிக்க நேரம் தரவில்லை. கோய்ம்பாவின் தலை குனிந்தது. முதுகு சுவரோடு ஒட்டியது. வாசல் திறந்து கிடந்தது.

துப்பாக்கிக்காரன் உள்ளே இரண்டடி வைத்தான். தனக்கு ஒதுங்கியது யார் என்று அப்போதுதான் கண்டான். அவன் கால் நின்றுவிட்டது. துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவனும் குனிந்து நின்றான். பின்னால் ஓடிவந்த இரண்டு பேரும் அவன் முதுகில் மோதினார்கள்.

"போடா உள்ளே! என்னடா மசமசன்னு நிக்கிறே?"

"இங்கே வேண்டாம்," என்றான் அவன். "திரும்புங்க."

"பைத்தியமாடா ஒனக்கு?"

இரண்டாமவன் வெட்டுக்கத்தியைக் கோய்ம்பாவின் கழுத்துக்கு நேராக ஓங்கினான். கோய்ம்பா அசையவில்லை. அசைய முடியவில்லை. கத்திக்கும் அவனுக்கும் இடையில் வவினே நுழைந்தாள். வாயில் இருந்த அத்தனை சாற்றையும், சுண்ணாம்பும் காரமுமாக, அவன் கண்ணிலே துப்பினாள். அவன் அலறியபடி அரிசி மூட்டைகள் மேல் விழுந்தான். மூன்றாமவன் அவனைத் தூக்கப்போய், சிந்திய சாற்றில் வழுக்கித் தானும் விழுந்தான்.

"நாயை அனுப்புங்க! நாலு நாயையும் அனுப்புங்க!" என்று செத்த வாக்கிடாக்கியில் கத்தினாள் வவினே.

யார் இடித்ததில் விரல் பட்டதோ, துப்பாக்கி வெடித்தது. கூரைப் பலகை ஒன்று பொத்தென்று விழுந்தது. கடை முழுவதும் குப்புறப் படுத்தது. மறுபடி தலையைத் தூக்கிப் பார்த்தபோது காரும் இல்லை, அவர்களும் இல்லை. ஒரு மீன் டப்பாகூடக் களவு போகவில்லை.

வவினே அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள். "அம்மா, அம்மா," என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். கோய்ம்பா அவள் தோளில் கை வைத்தான்.

கடை மேலாளர் கேமராவை ஓட்டிப் பார்த்தார். கோய்ம்பா தலை குனிந்து வழி விடும் இடத்தில் நிறுத்தி, விசாரிக்க வந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி குனிஞ்சு வரவேற்கிறே," என்றார் போலீஸ்காரர். "யாருடா அவன்?"

கோய்ம்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"பேரைச் சொன்னா வீட்டுக்குப் போகலாம். சொல்லலேன்னா நீதான் அவனுங்களோட உள்ளாள். வண்டியில ஏறு. ஸ்டேஷன்ல எப்படிக் கேக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று ஒன்பதாம் மைல் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடியிருப்பில் அவன் குடிசை நிற்கும் மண்ணும் ஆக்னஸின் ஆட்கள் கொடுத்ததுதான். பெயரைச் சொன்னால் இன்று இரவே அந்தக் குடிசை எரியும்.

வவினே அவனைக் குளிர்பெட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "தெரிஞ்சவனா?"

"அந்தப் பை ஆக்னஸ் பின்னினதுதான்க்கா."

"மச்சானா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நாசமாப் போச்சு! என் கழுத்தை நீட்டி உன் கழுத்தைக் காப்பாத்தினேன், நீ அவனுக்கு மரியாதை பண்ணிட்டு நின்னியா? வாயில வரலேன்னா காகிதத்துல எழுதித் தொலை."

"எழுதினாலும் சொன்ன மாதிரிதான்க்கா. அவன் என்னைச் சுடாம திரும்பிட்டான். நான் எப்படி..."

வவினேயின் கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் நடந்தாள்.

"சார், இவனா உள்ளாள்? ஆளு மலை மாதிரி இருக்கான், ஈரல் எலி மாதிரி. காலையிலேர்ந்து வயித்தைப் புடிச்சிட்டு நிக்கிறான். துப்பாக்கியைப் பாத்ததும் சுவத்துல பல்லியா ஒட்டிக்கிட்டான். பொம்பளை நான்தான் சண்டை போட்டேன். வேணும்னா எல்லாரையும் கேளுங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சற்றுமுன் தரையில் படுத்திருந்தவர்கள்தாம் பலமாகச் சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்துவிட்டார்.

"அப்படியாடா? பயந்துட்டியா?"

"ஆமா சார்," என்றான் கோய்ம்பா. "ரொம்பப் பயந்துட்டேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

போலீஸ் வண்டி போயிற்று. வவினே மூச்சு விட்டாள். ஆனால் அதற்குள் காவல் கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து, கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பயப்படுறவனுக்கு எங்கிட்ட வேலை கிடையாது," என்றார். "சட்டை, பெல்ட், பூட்ஸ். கம்பெனிச் சாமான். கழட்டி வை."

"சார், ஒரு டப்பாகூடப் போகலையே!" வவினேயின் குரல் கீச்சிட்டது. "நான் சும்மா சொன்னேன் சார். அவன் பயப்படல..."

"பயப்படலேன்னா ஏன் வழி விட்டான்? போலீஸைத் திரும்பக் கூப்பிடட்டுமா?"

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"நீ பாக்கு மென்னதைப் பத்தித் திங்கக்கிழமை பேசலாம். முதல்ல தரையைத் துடை."

கோய்ம்பா பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பூட்ஸுக்குள் ஓட்டையை அடைக்கக் காகிதம் திணித்திருந்தான். அதை எடுத்துத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெறும் மார்போடு வவினேயைத் தாண்டி வாசலுக்கு நடந்தான். வெளியே நண்பகல் தார்ச்சாலை கொதித்தது. அவன் ஓரத்துப் புல்லில் கால் வைத்து வைத்து பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனான்.

மேற்பார்வையாளரின் வண்டியிலிருந்து ஓர் ஒல்லி இளைஞன் இறங்கினான். கம்பெனி வாசலில் ஏழு மாதமாக நின்றவனாம். சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான். தோள்பட்டை அவன் முழங்கைக்கு இறங்கியது.

"அக்கா, சட்டை நனைஞ்சிருக்கே," என்றான்.

வவினே துடைப்பதை நிறுத்தவில்லை. "போட்டுக்கோ."

அவன் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, வாசலில் போய் நின்று, சிரித்த முகத்தோடு முதல் பில்லுக்குக் கை நீட்டினான்.