ராஜா முகமூடியின் கன்னம்

அன்று மாலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் அக்கா, என் மகன், மருமகள். வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டு விஷயத்தை வெளியார் வாயால் யாரும் கேட்க வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

மருமகளின் அலுவலக ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்குக் கிழட்டு ராஜா வேஷம். அதற்கு முகமூடி செய்துகொண்டிருந்தாள். மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியைப் பட்டை பட்டையாக வெட்டி, வளைத்து, முகத்துக்குக் கூடு கட்டியிருந்தாள். செய்தித்தாள் கிழிசல்களைப் பசையில் தோய்த்து அதன்மேல் ஒட்டி, முந்தின நாளே காயவைத்தாயிற்று. இப்போது ஊறிய காகிதத்தைப் பிழிந்து, மைதாப் பசை விட்டுப் பிசைந்து, அந்தக் கூழை அப்பி மூக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, பசையில ஒரு கல்லு உப்பு போட்டிருந்தா நானே ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்" என்றாள் அக்கா.

"சும்மா இருங்க பெரியத்தை. சிரிச்சா மூக்கு கோணிக்கும்."

மூக்கு எழும்பியது. நடுவில் சற்றே மேடிட்ட எங்கள் வீட்டு மூக்கு.

"அப்பாவேதான்!" என்றான் மகன். "கிரீடம் வேற வைக்கணுமா? இப்பவே நம்மளால தாங்க முடியல."

 கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மருமகள் இடது புருவத்தை அப்பி, நடுவே நகத்தால் ஒரு வெட்டுக் கிழித்தாள். பிறகு உதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக இழுத்துவிட்டாள்.  அது நான் இல்லை. என் தம்பி.

அவன் பேச்சையே இந்த வீட்டில் எடுப்பதில்லை. எங்கள் அப்பா மேல் நடந்த வழக்கில் எதிர்த்தரப்புக்காகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவன். அன்றே அவனைத் தலைமுழுகினேன். அவன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மருமகள் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. அந்த முகத்தை அவள் பார்த்திருக்க வழியே இல்லை.

மற்றவர்களும் என்னைப் போலவே உறைந்துபோயிருப்பார்கள் என்று திரும்பினேன். மனைவி தரையைப் பார்த்தாள். மகன் பசைக் கிண்ணத்தைப் பார்த்தான். ஒருவர் முகத்திலும் வியப்பு இல்லை. எல்லோரும் அவனைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறார்கள். என் வீட்டில், எனக்கு மட்டும் தெரியாது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன்.

"மாமா, சத்தியமா நான் நெனச்சுப் பண்ணல. கை தானா அப்படிப் போயிடுச்சு." மருமகள் கூழை வழித்தெடுக்கப் போனாள்.

"தொடாதே!"

"அவளை ஏன்டா அதட்டுறே?" என்றாள் அக்கா. "எல்லாரையும் கூட்டிட்டுப் போனது நான்தான். கத்துறதுன்னா என்னைக் கத்து. நீ எனக்குத் தம்பின்னா அவனும் தம்பிதான்."

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கன்னத்தை ஏன் இப்படிக் குழியா விட்டிருக்கே? அவனுக்கு நல்ல உப்பின கன்னமாச்சே. இன்னும் ரெண்டு உருண்டை அப்பு."

மருமகள் கூழ்க் கையோடு அப்படியே நின்றாள்.

"இப்ப அவரு அப்படித்தான் இருக்காரு மாமா. ரெண்டு நாளா தண்ணிகூட எறங்கல."

  நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு மகனிடம், "எந்த ஆஸ்பத்திரிடா?" என்று கேட்டேன்.

தம்பி சொன்ன சாட்சியை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு.

தம்பி எங்கள் வாசலில் வந்து என் காலில் விழுந்தான், அதன் பிறகே நான் இறங்கி வந்தேன் என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவன் யார் காலிலும் விழவில்லை. அவனால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. நான்தான் போனேன்.