சிப்புக்குத் தெரியாத கட்டளை

மூன்றாவது நாளும் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோயிருந்தது. ஷிரின் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் திரை கறுத்துக் கிடந்தது. மேசைக்குப் பக்கத்தில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் காளியண்ணன், கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

வாழவந்தி எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் டிரையரின் சூட்டை அளப்பது இருபத்தைந்து வருடப் பழைய அந்தக் கம்ப்யூட்டர்தான். டிரையரோடு அதை இணைக்கும் கார்டு புதுக் கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது. பழைய டிஸ்க் செத்துப்போனதும், இந்தக் காலத்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை அந்தப் பழைய பிராசஸர் சிப்பில் ஓடவைக்கும் பொறுப்பை மேனேஜர் ஷிரினிடம் விட்டார். அவள் பக்கத்து ஊரான ஒண்டிக்கடையில் இருக்கும் ஜாபர் அலியின் மகள். பெங்களூரில் இதே வேலை பார்த்தவள். அந்தச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகள் மட்டும் வரும்படி சிஸ்டத்தையே மூல நிரலிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்திருந்தாள். அவள் எதிரில் இருந்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது, நகர்ந்தால் நிற்கிறது.

“பழசே நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு” என்று முதல் நாளே முகம் சுளித்தவர் காளியண்ணன். அன்றிலிருந்தே அவர் கைமேல் அவளுக்கு ஒரு சந்தேகக் கண்.

மறுநாள் டீக்குப் போவதுபோல் போய் ஜன்னலோரம் நின்றாள். அவர் உள்ளே வந்தார், சுற்றும்முற்றும் பார்த்தார், கீபோர்டில் இரண்டு பட்டன்களை அமுக்கினார். திரை கறுத்தது.

“ஏனுங்க ரைட்டரய்யா, என்னங்க பண்றீங்க?”

அவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார். “டிரையர் சூட்டுக் கணக்குக் காயிதம் பிரிண்ட் எடுத்தேனுங்க. பதினஞ்சு வருசமா தெனமும் எடுக்கறனுங்க. நீங்க தொடக்கூடாதுன்னீங்க, அதான்...”

“நின்னு போச்சுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“எம்மேல பழி விழுமேன்னு பயந்துட்டனுங்க.”

அவள் நம்பவில்லை. கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பி அதே பட்டன்களைத் தானே அமுக்கினாள். நின்றது. மறுபடி கிளப்பி அமுக்கினாள். மறுபடியும் நின்றது.

அவளுக்குச் சுருக்கென்றது. பிரிண்ட் எடுக்கும் பகுதியை மட்டும் சோம்பல்பட்டு இணையத்தில் ஆயத்தமாகக் கிடைத்ததை அப்படியே போட்டிருந்தாள். அதிலிருந்த ஒரு கட்டளை பின்னால் வந்த சிப்புகளுக்கானது. பழைய சிப் அதைக் கண்டதும் திகைத்து நின்றுவிடுகிறது.

சாயங்காலத்துக்குள் அதையும் பழைய சிப்புக்கேற்பக் கம்பைல் செய்தாள். “தப்பு என்னுதுங்க. இப்ப அமுத்துங்க.”

“நீங்களே அமுத்துங்க.”

அவள் அமுக்கினாள். காகிதம் வந்தது. அவர் அதை டிரையரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “காயிதத்துல ரெண்டு டிகிரி கம்மியா காட்டுதுங்களே!”

ஷிரின் உடனே எழுந்து போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.