பதினான்காவது கட்டுரை

மைசூர்க் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையில் இஸ்ரவேல் உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எலும்புத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் அது மாட்டுடையதா மானுடையதா என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். பேராசிரியர் நஞ்சுண்டசாமி, அன்று கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகாலத்துக்காரர். துறையில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர்தான். அந்த ஒட்டுதலில் இஸ்ரவேல் அவரைத் தமையனாகவே நினைத்துவிட்டார்.

1936 மார்ச்சில் நஞ்சுண்டசாமி துறைத்தலைவர் பதவிக்கு விண்ணப்பம் போட்டார். இதுவரை அச்சான தம் கட்டுரைகளின் பட்டியலைக் கையால் எழுதி, "நாளைக்குள்ள டைப் பண்ணிக் குடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

பதின்மூன்று வரி தடையில்லாமல் ஓடியது. பதினான்காவதில் இஸ்ரவேலின் விரல்கள் நின்றுவிட்டன. 'சாமராஜநகர்ப் பழங்காலக் கல்வட்டப் புதைகுழியில் கிடைத்த ஆணின் மண்டையோடு.' கல்கத்தாச் சஞ்சிகை, 1934 ஆகஸ்ட்.

அது இஸ்ரவேல் எழுதிய கட்டுரை. பலகைக் கல்லுக்கடியில் தோண்டி எடுத்தவரும் அவர்தான், பதினொரு நாள் உட்கார்ந்து அளந்தவரும் அவர்தான். கல்கத்தாவுக்கு அனுப்பச் சொல்லிப் பேராசிரியரிடம் கொடுத்திருந்தார். "வேண்டாம்னு திருப்பிட்டாங்கப்பா, மனசை விட்டுறாதே" என்று பேராசிரியர் தோளில் கைவைத்துச் சொன்னதும் அதே ஆகஸ்டில்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அடுத்த மாதம் இஸ்ரவேல் மறுபடி அந்த இடத்துக்குப் போனபோது, பக்கத்து ராகிக் காட்டுக்குச் சொந்தக்காரி கெம்பம்மா வந்து தமிழிலேயே, "நீங்க எடுத்துட்டுப் போனது எங்கக்காளோடதுங்க" என்றாள். பிளேக் வந்த வருஷம் ஊரைக் காலி செய்த அவசரத்தில் அந்தக் கல்லுக்கடியிலேயே புதைத்தார்களாம். "முன்பல்லு ஒண்ணு ஓரம் ஒடஞ்சிருக்கும், பாருங்க." திரும்பி வந்து பார்த்தார். உடைந்திருந்தது. பழங்காலத்து மண்டையோடு என்று தாம் எழுதியது அத்தனையும் தப்பு என்று அன்றே பேராசிரியரிடம் சொன்னார். அவர், "அச்சாகாததே நல்லதாப் போச்சு, விடு" என்று மண்டையோட்டை வாங்கித் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து வந்தவரிடம் இஸ்ரவேல் தாளை நீட்டினார்.

"இது அச்சாயிருக்குதா சார்?"

நஞ்சுண்டசாமி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "உதவியாளன் பேருல வந்தா அங்க எவன் படிப்பான்? என் பேருல வந்ததால லண்டன்ல இருந்து கேட்டு எழுதுனாங்க."

"தப்புன்னு சொன்னேனே சார்."

"ஒரு குடியானவச்சி சொன்னா ஆச்சா?"

"அந்த மண்டையோட்டைத் திருப்பித் தரேன்னு சொல்லியிருக்கேன். எடுத்துக்கறேன்."

"அது லண்டன் போயி ஒண்ணரை வருஷம் ஆச்சு."

இஸ்ரவேல் தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு, "கல்கத்தாவுக்கு எழுதப்போறேன்" என்றார்.

"எழுது. நீதான் எழுதுனேன்னு சொன்னாத் தப்பும் உன்னுதாயிரும்."

"என்னுதுதான் சார்."

அன்று மாலையே எழுதிப் போட்டார். ஆறு வாரம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. திருத்தம் இருந்தால் கட்டுரை ஆசிரியரே அனுப்ப வேண்டும், மூன்றாம் மனிதர் சொல்லி ஏற்பதற்கில்லை. அதற்குள் நஞ்சுண்டசாமி துறைத்தலைவர் ஆகிவிட்டார். ஜூனில் இஸ்ரவேலின் வேலை போயிற்று. நர்ஸாக இருந்த மனைவி மோலியின் சம்பளத்தில் வீடு ஓடியது.

ஒரு சனிக்கிழமை அவர் சாமராஜநகர் போய், ராகிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த கெம்பம்மாவின் முன்னால் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம் கட்டுரையை ஒருவர் திருடிக்கொண்டதையும் சொன்னார். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"எங்கக்காளப் பத்தி என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

"ரெண்டாயிரம் வருஷம் முந்தினதுன்னு. ஆம்பளைன்னு."

"ஆம்பளைன்னா எழுதுனாங்க?"

"நான்தான்மா எழுதினேன்."

களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவ பேரு சென்னம்மா. ரெண்டு புள்ள பெத்தவ."

"திருடினது அவர்தான்மா. நான் திருப்பித் தரத்தான் இருந்தேன்."

"எனக்கு அவரத் தெரியாதுங்க. குழிக்குள்ள எறங்கி எடுத்துட்டுப் போனது நீங்க. நீங்கதான கொண்டாந்து குடுக்கோணும்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அடுத்த சாலுக்கு நகர்ந்து குனிந்துகொண்டாள். இத்தனை நாள் தாம் ஒருவரே ஏமாந்தவர் என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த இஸ்ரவேலுக்கு வரப்பில் நிற்க முடியவில்லை. இறங்கி, அவள் விட்டுப்போன சாலில் குத்தவைத்துக் களை பிடுங்கத் தொடங்கினார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.