பின் பெஞ்சுக்குச் சமாதானம்

எங்கள் லம்பா லைன் குடியிருப்பில் ஜெபமாலை நடத்த கஸ்பாரை விட்டால் ஆளில்லை. ஆனால் பூசையில் ஒருவருக்கொருவர் கைகுவித்துச் சமாதானம் சொல்லும்போது மட்டும், பின் பெஞ்சில் நிற்கும் தம்பி வின்சென்ட் பக்கம் திரும்பவே மாட்டார். அப்பாவின் படகைக் கேட்காமல் விற்றுவிட்டானாம். ஒன்பது வருடமாகத் தம்பி கைகுவித்தபடி அண்ணனின் முதுகைத்தான் பார்த்தான். நானும்தான் பார்த்தேன், பூசையில் எனக்கு வேறென்ன வேலை!

"அண்ணே, தப்புதான். ஒரு தடவ என்னப் பாரும்" என்று சென்ற தவக்காலத்தில் கோயில் வாசலில் அழுதான்.

"ஊர் முன்னால முழங்கால் போடு. அப்புறம் ஆண்டவர் சொன்னா பாக்கேன்" என்றார் கஸ்பார். ஆண்டவர் இவரைக் கேட்டுத்தான் மன்னிப்பார் போல.

அந்த வாரமே வின்சென்டைக் கடல் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் சமாதானம் சொல்லும் நேரத்தில் கஸ்பார் காலியான பின் பெஞ்சை நோக்கிக் கைகுவித்து நிற்கிறார். நற்கருணைக்கும் அசைவதில்லை. அந்த பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. நான் துணிந்து தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது.

போன ஞாயிறு எல்லோரும் போன பிறகு மனைவி லூசி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சலோ, பூசை முடிஞ்சு போச்சு. வாரும்."

"பொறு லூசி" என்றார் கஸ்பார், கண்ணை எடுக்காமல். "இந்தா நிக்கான். எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கான்."