அதிதூதருக்கு வைத்த கோதுமை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நவம்பர் எட்டாம் நாள், அதிதூதர் மிக்கேல் திருநாளன்று, துருக்கியரின் ஒட்ரின் கோட்டைக்கு வெளியே, என்றும் பிரியாத சகோதரர்களான செர்பியரும் பல்கேரியரும் ஒரே மேசையில் அமர்ந்து, பகல் பன்னிரண்டுக்குப் பீரங்கி சுடுவதென்று கையெழுத்திடுவார்கள்.

மேசை பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்தது. ஒரு காலுக்கு அடியில் செங்கல்.

பீரங்கிகள் பல்கேரியருடையவை. அவற்றை நம்பி விடியும்போதே குன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது செர்பியப் பட்டாளம். அதன் தொலைபேசிக்காரன் விடோயே. அவனுடைய அண்ணன் லெப்டினன்ட் மிலிசாவ்தான் இந்த மேசையில் ஒப்பந்தம் எழுதுகிறவன்.

காலையில் மிலிசாவ் அடுப்படிப் பக்கம் போனபோது, பல்கேரியச் சமையற்காரன் அவித்த கோதுமையைத் தட்டில் குவித்து, சர்க்கரை தூவி, நடுவில் மெழுகுவத்தி நட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க கர்னலுக்கு இன்னிக்குக் குடும்பப் புனிதர் நாளாமே? செர்பியாக்காரங்களுக்கு அன்னிக்குக் கோதுமை வைக்கணும்னு எங்க கர்னல் விசாரிச்சு வச்சிருக்காரு."

விசாரித்ததில் பாதி சரி. கோதுமை, செத்தவர்களுக்கும் செத்துப்போன புனிதர்களுக்கும். மிக்கேல் சாவே இல்லாதவர். அவருக்குக் கோதுமை வைப்பது உயிரோடிருப்பவருக்குக் கருமாதி செய்வது. மிலிசாவுக்கு இது தெரியும். பல்கேரியக் கர்னல் கலோயானோவ் முகத்தில் வழியப்போகும் அசடை நினைத்தான், சிரிப்பு வந்தது.

"ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

பதினொன்றரைக்குச் செர்பியக் கர்னல் தேசிமிர் தட்டைப் பார்த்தார். திறந்த பேனாவை மூடினார்.

"யாருய்யா செத்தது?"

"உங்க புனிதருக்குத்தான் வச்சிருக்கு" என்றார் கலோயானோவ், மலர்ந்த முகத்தோடு.

"என் புனிதர் உசுரோட இருக்காரு! இது செர்பிய ராஜ்ஜியத்துக்கே அவமானம். எழுத்துல மன்னிப்பு வேணும்."

"அவிச்ச கோதுமைக்கெல்லாம் பல்கேரியா மன்னிப்பு கேக்காது."

மிலிசாவ் எழுத உட்கார்ந்தான். 'வருந்துகிறோம்' என்பதைக் கலோயானோவ் அடித்தார். 'வருந்தத்தக்கது' என்பதைத் தேசிமிர் அடித்தார்: "யாருக்கு வருத்தம்? கோதுமைக்கா?"

பன்னிரண்டே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, பீரங்கி எங்க?"

"வந்துரும்டா. ஒரு வார்த்தைதான் பாக்கி."

"விருந்தைச் சீக்கிரம் தின்னு முடிங்க. இங்க எங்களத் தின்னுக்கிட்டிருக்கானுங்க."

ஒன்றரைக்கு மறுபடி அடித்தது. இந்தத் தடவை குரலில் கேலி குறைவாக இருந்தது.

"பாதிப் பேர் இல்லண்ணே. அது என்ன வார்த்தைன்னு சொல்லு, நான் வேணா எழுதித் தர்றேன்."

மிலிசாவ் எழுந்து நின்றான். "ஐயா, தப்பு என்னோடது. காலையிலேயே பாத்தேன். சொல்லாம வந்துட்டேன். என்னைய என்ன வேணா பண்ணுங்க, முதல்ல பீரங்கியச் சுடச் சொல்லுங்க."

இரண்டு கர்னல்களும் அன்றைக்கு முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

"ராஜாங்க விவகாரத்துல லெப்டினன்ட்டுக்கு என்ன வேலை? உக்காரு!"

உட்கார்ந்தான். ஏழாவது நகல் எழுதினான்.

மூன்று இருபதுக்கு உடன்பாடு ஏற்பட்டது: 'கோதுமை விஷயத்தில் இரு தரப்பும் சரிசமமாகத் துயருறுகின்றன.' கர்னல்கள் கட்டிக்கொண்டு, கன்னத்தில் மும்முறை முத்தமிட்டுக்கொண்டார்கள். பிறகு பீரங்கிகள் சுட்டன. பிரமாதமாகச் சுட்டன. மிலிசாவ் தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

குன்றிலிருந்து இறங்கி வந்தவர்கள் பதினொரு பேர். விடோயேவைக் கம்பளியில் சுமந்து வந்தார்கள். அறுந்த கம்பியின் நுனி அவன் விரலில் சுற்றியிருந்தது. மிலிசாவ் அதைப் பிரிக்கப் பார்த்தான்; விரல் விறைத்துவிட்டதால் முடியவில்லை.

சமையற்காரன் தட்டை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான். யாரும் தொடாத கோதுமை. மெழுகுவத்தி சற்றே சாய்ந்திருந்தது.

மிலிசாவ் அதை நிமிர்த்தி ஏற்றினான். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி அள்ளித் தின்றான். பதினொரு பேரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தார்கள்.

கோதுமை வீணாகவில்லை.