சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

தெப்ராவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் செல்வராணி ஒன்பது வருடமாகச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறாள். கோடு கூடத்தின் குறுக்கே போகிறது. படுக்கையறையும் குளியலறையும் அவள் பக்கம், அடுப்பும் வாசலும் புருஷன் யுகேந்திரன் பக்கம். கோட்டருகே வந்தால் அவளுக்குக் கால் தூக்க வராது. ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாயிற்று, சிமெண்டும் பூசியாயிற்று. மறுநாளே பளிச்சென்று நிற்கும்.

கோடு பிறந்தது லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் கங்காணி பெயர் எழுதிக் கொடுக்க, அறுபது ஆண்கள் சயாம் ரயில்பாதை போடப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்ததும் கங்காணியின் ஆட்களும் மற்றவர்களும் வெட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஒரே பிற்பகலில் சமாதானம் செய்துவைத்தார். கோயில் நடுவே சுண்ணாம்புக் கோடு, ஒரு பக்கத்தார் மறுபக்கம் மிதிக்கக் கூடாது. செத்தவர் பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. பட்டியலை எரித்து, எல்லாரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கென்ன! அன்று முதல் படையலில்கூடப் பெயர் சொல்லாமல் ‘பெரியவங்க’ என்றே கும்பிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு ஒரு வெட்டு, முதல் மரியாதைக்கு ஒரு மண்டையுடைப்பு என்று தலைமுறைக்கு ஒன்று நடந்தது. எதற்கென்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. தோட்டம் விற்றுப்போனது, கோயில் இடிந்தது. சயாமுக்குப் போன ஒருவரின் கொள்ளுப்பேத்தி செல்வராணி, கங்காணியின் கொள்ளுப்பேரன் யுகேந்திரனுக்குக் கழுத்தை நீட்டிய அன்று, கோடு இந்தக் கூடத்துக்குக் குடிவந்தது.

மகள் லோஷினி இரண்டு பக்கத்து ரத்தம், தாராளமாகத் தாண்டுவாள். போன மாதம் பள்ளியில் பேச்சுப்போட்டி வந்தது. “எல்லார் அம்மாவும் வராங்க, நீ மட்டும் வரமாட்டேங்கிற,” என்று அழுதாள். செல்வராணி விடுவிடுவென்று கூடத்துக்கு வந்தாள். கோட்டருகே நின்று, “எங்க பூட்டன் பேரு ஐயாசாமி! உங்க ஆளுதான் எழுதிக் கொடுத்தாரு!” என்று கத்தினாள்.

“ஆமா ராணி, எழுதினாரு,” என்றான் யுகேந்திரன்.

கோடு வாசலை நோக்கி ஒரு டைல்ஸ் கல் நகர்ந்தது. இன்னும் பதினோரு கல். மூவாரில் இருக்கும் அவள் பெரியப்பா வேலுவுக்குப் போன் போட்டார்கள். “அலமாக், இப்ப எதுக்கு லா அதெல்லாம்?” என்று சலித்துக்கொண்டாலும் ஆறு பெயர் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றான். ஆறு கல் நகர்ந்தது. அதற்குமேல் ஒரு பெயர் தெரிந்தவர்கூட உயிரோடு இல்லை.

போட்டியன்று லோஷினி வாசலில் நின்று முழுப் பேச்சையும் பேசிக் காட்டிவிட்டு அப்பாவோடு போனாள். செல்வராணி உள்ளிருந்தே கைதட்டினாள்.

இப்போது அடுப்பு அவள் பக்கம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னும் எத்தனை கல்லு அக்கா?” என்பார்கள்.

“அஞ்சுதான்,” என்று சொல்லிக் கோட்டுக்கு மேலே கையை நீட்டித் தேநீர் கொடுப்பாள்.