கடைசிக் கோடு

நவம்பர் பனி தூறிக்கொண்டிருந்தது. எல்ம் க்ரீக் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில், எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண்பலகைக் கம்பைப் பிடித்தபடி நின்றேன். பல வருடங்களாகச் சனிக்கிழமைகளில் இதுதான் என் ஊழியம். கம்பு பிடிப்பவர்கள் நடுவரின் ஆட்கள். எந்தப் பக்கத்துக்கும் குரல் கொடுக்கக் கூடாது. தற்காப்பு வரிசையின் நடுவில் என் மகன் கர்டிஸ் ஆடுகிறான் என்பதற்காக விதி மாறாது.

அந்தப் பருவத்தில் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. இது கடைசி ஆட்டம்; கர்டிஸுக்கு வாழ்க்கையிலேயே கடைசி. படிப்பு முடிந்ததும் பன்றிப் பண்ணைக்கு வந்துவிடுவான். ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவன் காலையில் சொல்லவில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு யாரும் தங்களை எதிராளியாகவே மதிப்பதில்லை என்றுதான் வருத்தப்பட்டான்.

"நம்ம பக்கத்து பல்பு ஃபியூஸ் போயிருச்சுன்னு வெச்சுக்குவோம், ஹார்லன்," என்றார் தூரம் அளக்கும் சங்கிலியைப் பிடித்திருந்த வெர்ஜில், ஸ்கோர்போர்டில் எங்கள் பக்கத்துப் பூஜ்யத்தைப் பார்த்து.

கடைசி நிமிடம். எதிரணி எங்கள் எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டது. தோற்றவனை மேலும் அடிக்காமல், பந்தை வாங்கியதும் மண்டியிட்டு நேரத்தைக் கழிப்பது எங்கள் பக்கத்து மரியாதை. பந்தை முதலில் வாங்கும் அவர்களின் குவார்ட்டர்பேக்கும் அப்படியே மண்டியிட்டான். நான் பலகையில் நான்கைத் திருப்பினேன். மொத்தமே நான்கு முயற்சிதான்; அவர்களுக்கு இன்னும் ஒன்றே மிச்சம்.

கர்டிஸ் பல்காப்பை வெளியே எடுத்தான்.

"மண்டி போடாதீங்கடா. ஒரே ஒரு தடவை, முழு பலத்தோட எங்க மேல வாங்க."

அந்தக் குவார்ட்டர்பேக் பையன் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவனுக்காக ஜெபிக்கிறேன். தன் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தான். அவர் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

வந்தார்கள். உண்மையாகவே வந்தார்கள். பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவந்தவன் மேல் கர்டிஸ் மோதினான். இருவர் மேலும் மற்றவர்கள் சரிந்தார்கள். நடுவர் மெர்ல் ஒவ்வொருவராக விலக்கிப் பார்த்தார். பந்து கோட்டைத் தொடவில்லை, கையகல தூரம் மிச்சமிருந்தது. கடிகாரமும் நின்றிருந்தது.

"எந்திரிடா எரும, மூச்சு முட்டுது," என்றான் அடியில் கிடந்தவன்.

"தேங்க்ஸ்டா," என்றான் கர்டிஸ், எழுந்திருக்காமலேயே.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கடந்துபோன மெர்ல், எங்கோ பார்த்தபடி சொன்னார்: "ஆட்டம் முடிஞ்சிருச்சு, ஹார்லன். கம்பக் கீழ போடு."

கம்பைப் பனியில் கிடத்திவிட்டுக் கைதட்டினேன். தடித்த கம்பளிக் கையுறைகள், சத்தமே வரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன்.